திறக்க மறுத்த பாட்டு

நம் ஆபீஸ் தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறார்களாம். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாங்க மேடம் என்று கேட்டார்கள். நல்ல வார்த்தைக்கு நான் எங்கே போவேன்? இந்தக் கன்னட ஊரில், ஹெப்பாள் பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில், தலை நரைக்கும் வரை, அடுத்தவர் எழுதிய ப்ரோகிராமில் எங்கே கோளாறு என்று தேடுவதே என் பிழைப்பாக இருந்தது. எதைப் பார்த்தாலும் முதலில் ஓட்டைதான் கண்ணில் படும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தலில் எந்தக் கால் ஆடுகிறது என்றுதான் பார்ப்பேன். இப்படிப்பட்டவளிடம் போய்க் கேட்டிருக்கிறீர்கள், அனுபவியுங்கள்.

நான் சொல்லப்போவது ஆபீஸில் நடந்ததில்லை. ஒரு வீட்டில், கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், சொந்தமாக எழுதின ஒரு பாட்டுப் போடும் ப்ரோகிராமை வைத்துக்கொண்டு நடந்தது. விளையாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். இத்தனை வருஷ வேலையில் நான் பார்த்த பெரிய விபத்து அதுதான்.

மூன்று பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான், லாரன்ஸ், கிரி. மூவரும் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கிரியைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால் போதும், ஆள் பிடிபட்டுவிடுவான். ஒரு சர்க்கரை ஆலைக்கு ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தோம். ஆலைக்காரர்கள் வந்து பார்க்கிற நாளில் திரையில் ஒரு எரர் வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. நானும் லாரன்சும் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். கிரி வந்தான், எட்டிப் பார்த்தான், அந்தச் செய்தி திரையில் வராதபடி ரெண்டு வரி எழுதினான். கோளாறு அப்படியேதான் இருந்தது, அதன் வாயை மட்டும் பொத்திவிட்டான். வந்தவர்கள் பார்த்தார்கள், கை குலுக்கினார்கள், போனார்கள். பிறகு ஆலையில் இருப்புக் கணக்கெல்லாம் குளறுபடியாகி, அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் கரும்புச் சக்கை நாற்றத்தில் போய் உட்கார்ந்தது நாங்கள் ரெண்டு பேரும். கிரிக்கு அந்த வருஷம் பிரமோஷன்.

“உங்க ரெண்டு பேருக்கும் வேலை தெரியும் விமலா, வேலையைக் காட்டத் தெரியல” என்று எனக்கு உபதேசம் வேறு செய்தான். அதற்கப்புறம் கடைசி வரை அவன்தான் எங்கள் மேலதிகாரி.

லாரன்ஸ் நேர் எதிர். நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். காந்தி நகரில் வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவுக்கு அவன்தான் தலைவன். நல்ல கனத்த குரல். அந்தப் பக்கத்தில் எந்தக் கல்யாணம் ஆனாலும், எந்தச் சாவு விழுந்தாலும், லாரன்ஸ் வந்து பாடினால்தான் ஆயிற்று என்பார்கள். ஆபீஸில் சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிட்டபடி இன்னொரு கையால் சொந்தமாக ஒரு ம்யூசிக் பிளேயர் எழுதிக்கொண்டிருப்பான். ஊரில் ஆயிரம் பிளேயர் இலவசமாகக் கிடைக்கும்போது இது எதற்கு என்று நாங்கள் கேலி செய்வோம்.

“அதுல எல்லாம் தவக்காலத்துப் பாட்டும் கிறிஸ்துமஸ் பாட்டும் ஒண்ணாக் கலந்து கெடக்கு விமலா. எனக்கு எந்தப் பாட்டு எந்தப் பூசைக்குன்னு தெரியணும்” என்பான்.

எழுதி முடித்தான் என்று சொல்ல முடியாது. அவன் அதை முடிக்கவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தான். சொந்த உபயோகத்துக்கு எழுதுகிறவர்கள் எல்லாருமே அப்படித்தான். ஊருக்குச் சமைக்கும்போது பார்க்கிற பக்குவத்தை நமக்கு நாமே ரசம் வைக்கும்போது பார்ப்பதில்லை.

அப்புறம் அவனுக்குத் தொண்டையில் வந்தது. என்ன வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிகரெட் கிடையாது, குடி கிடையாது, பாடினதைத் தவிர அந்தத் தொண்டையால் அவன் ஒரு பாவமும் செய்யவில்லை. அந்தச் சேதியைக் கேட்ட அன்றைக்கு நான் வீட்டுச் சாமி படத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

ஆப்பரேஷனுக்கு நாள் குறித்த பிறகு லாரன்ஸ் வீட்டுப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு மைக் வைத்துப் பாடிப் பாடிப் பதிவு செய்தான். அதில் ஒரு பாட்டு அவனே எழுதி மெட்டமைத்தது. மகள் ஜெனிக்கு. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தன்று காலையில் பெண் சர்ச்சுக்குப் புறப்படுவதற்கு முன்னால் வீட்டில் சின்ன ஜெபம் நடக்கும். அப்பாவும் அம்மாவும் நெற்றியில் சிலுவை போடுவார்கள். அப்போது அப்பா ஒரு பாட்டுப் பாட வேண்டும். பாடி முடித்த பிறகுதான் பெண் வாசற்படி தாண்டுவாள். லாரன்சின் அப்பா மில் தொழிலாளி. ராகம், தாளம் எதுவும் தெரியாத மனுஷர், அவரே தன் பெண்களுக்குப் பாடி அனுப்பியிருக்கிறார். ஜெனிக்கு அப்போது கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. என்றைக்கானாலும் வேண்டும் என்று பாடி வைத்தான். பாட்டு இருப்பது ஜெனிக்குத் தெரியக்கூடாது, அன்றைக்குத்தான் அவள் கேட்க வேண்டும் என்று முடிவு. மனைவி ரோஸிக்கு மட்டும் தெரியும். ரோஸி நர்ஸ். எத்தனையோ ஆப்பரேஷன் பார்த்தவள், அந்தக் கதவுக்கு வெளியே நின்று கேட்டபோது அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன் அக்கா என்று பிறகு சொன்னாள்.

ஆப்பரேஷன் நடந்தது. ஆள் பிழைத்தான். கழுத்தில் ஒரு துவாரம், அதற்கு மேலே ஒரு சின்னத் துணி. பேச வேண்டும் என்றால் போனில் தட்டிக் காட்டுவான்.

நான் ரிடையர் ஆன பிறகுதான் ஜெனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மேட்டூர்ப் பையன். கல்யாணத்துக்கு முந்தின நாள் ரோஸி போன் செய்தாள்.

“அக்கா, ஸ்வல்ப வீட்டுக்கு வர முடியுமா? அந்தப் பாட்டு தெறக்க மாட்டேங்குது. இவர் ஒரு வாரமா உக்காந்து பாக்கறார், முடியல. வெளிய யார்கிட்டயும் சொல்லவும் விட மாட்டேங்கறார். கிரி அண்ணாவையும் கூப்பிட்டிருக்கேன்.”

கிரி பெயரைக் கேட்டதும் கையில் இருந்த வேலையைப் போட்டேன். அக்ரஹாரத்து என் வீட்டில் இருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். வீடு முழுக்க உறவு ஜனம். முற்றத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு பெண்கள். ஜெனி மருதாணி வைக்க அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் பாட்டைச் சரிசெய்து, வேறு பெயரில் பத்திரமாக வைத்துவிட வேண்டும். ரோஸி வாசலுக்கும் பின்னறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். ஆப்பரேஷனுக்குப் பிறகு அவர்களுடைய பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. கடைக்காரர் டிஸ்க்கை மட்டும் கழற்றிப் புதுப் பெட்டியில் மாட்டிக் கொடுத்திருந்தார். பாட்டு ஃபைல்கள் எல்லாம் பழைய கம்ப்யூட்டரில் லாரன்ஸ் என்று இருந்த யூசர் கணக்குக்குச் சொந்தம். புதுப் பெட்டிக்கு இந்த லாரன்சைத் தெரியாது. அதனால் எந்தப் பாட்டைத் தொட்டாலும் ‘அனுமதி இல்லை’ என்றது. படிக்கவும் விடவில்லை, நகலெடுக்கவும் விடவில்லை. பிளேயரில் பாட்டுப் பெயர்களுக்கு எதிரே வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள்.

இப்படி அனுமதி இல்லை என்று வருவது சாதாரண விஷயம், உங்களில் யாரும் சரிசெய்துவிடுவீர்கள். லாரன்சும் செய்திருப்பான், கதிர்வீச்சு சிகிச்சையில் ஆள் பாதியாகிப் போயிருக்காவிட்டால். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று ரோஸி சொன்னாள்.

நான் போகும்போதே கிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சட்டையை இன் பண்ணிக்கொண்டு, ஆபீஸில் இருந்து நேராக வந்திருந்தான், அவன் இன்னும் ரிடையர் ஆகவில்லை. லாரன்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“விமலா, வா வா. ஒண்ணுமில்ல, சும்னே பர்மிஷன் பிராப்ளம். அஞ்சு நிமிஷ வேலை” என்றான் கிரி.

நான் சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, வாய் விட்டுச் சொன்னேன். “கிரி, எதையும் தொடாத. டிஸ்க்கைக் கழட்டு. என் பையனோட கம்ப்யூட்டர் கடையில குடுத்து அப்படியே முழுசா ஒரு நகல் எடுத்துக்கலாம். அப்புறம் நகல்ல கை வை.”

“அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“சாயந்தரம் ஆகும்.”

“அந்தப் பொண்ணு இப்ப வந்துருவா. நீ சாயந்தரம்ங்கற. இதுக்கெல்லாம் நகலா? நீ இன்னும் மாறவே இல்ல விமலா, காஃபிக்குச் சர்க்கரை போடறதுக்கும் ரிவ்யூ மீட்டிங் வைப்ப” என்று சிரித்தான். சுற்றி நின்ற உறவுக்காரர்களும் சிரித்தார்கள். லாரன்சின் அண்ணன் ஒருவர், “சார் பெரிய மேனேஜர், அவருக்குத் தெரியாதாம்மா” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

லாரன்ஸ் என்னைப் பார்த்தான். போனை எடுத்தான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவது அவன் வழக்கம். அவன் ஏதோ தட்ட ஆரம்பித்தான். அவன் தட்டி முடிக்கும் வரை பொறுக்க கிரிக்கு நேரம் இல்லை. பேச முடிகிறவர்கள் பேச முடியாதவர்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள், இதை நான் அந்த வீட்டில் பார்த்தேன். கிரி அந்த டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றுக்கும், எல்லாருக்கும் முழு அனுமதி என்று அழுத்திவிட்டான். படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம், யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பிளேயரை மூடித் திறந்தான்.

சிவப்புப் புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. “ஆய்த்து பிடு, முடிஞ்சுது!” என்று கையைத் தட்டினான். ஒரு பெரியவர் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். ரோஸி அழுதுகொண்டே சிரித்தாள். லாரன்ஸ் கையில் இருந்த போனில் அவன் தட்டியது பாதியில் நின்றிருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். ‘பொறு கிரி, மொதல்ல ப்ரோகிராம்ல ஒரு எடம் பாக்கணும்’ என்ற அளவுக்கு வந்திருந்தது.

கிரி ஒரு பாட்டை அழுத்தினான். சத்தம் வரவில்லை. அடுத்ததை அழுத்தினான். வரவில்லை. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிச் சொருகினான். என் கண் பாட்டின் நீளம் காட்டுகிற இடத்துக்குப் போனது. பூஜ்யம். அடுத்ததும் பூஜ்யம். பட்டியல் முழுக்க, கடைசி வரை, பூஜ்யம். பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. 

“கிரி, கையை எடு. கரெண்ட்டை நிறுத்து” என்று கத்தினேன்.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இது உங்கள் எல்லாருக்கும் ஒருநாள் வரும். கை தவறி எதையோ அழித்துவிட்டோம் என்று தெரிந்த அந்த நொடியில், கைக்கு ஒரு அரிப்பு வரும். எதையாவது செய், உடனே செய், மற்றவர்கள் பார்ப்பதற்குள் செய் என்று. அந்த அரிப்புக்கு ஆளாகாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். டிஸ்க்கில் அழிந்தது உடனே போய்விடுவதில்லை. அதன் மேல் வேறு எதையும் எழுதாமல் இருந்தால் கொஞ்சமாவது மீட்கலாம். கிரிக்கு இது தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் சுற்றிலும் ஜனம், முதுகில் தட்டிய கை இன்னும் எடுக்கப்படவில்லை, ரோஸி பார்த்துக்கொண்டிருக்கிறாள். கௌரவம் போகிறதே! கம்ப்யூட்டரை மூடித் திறந்தான். மறுபடி மூடித் திறந்தான். அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கி, அதையும் அதே டிஸ்க்கில் கொண்டுபோய்ப் போட்டான். தரையில் கொட்டிய அரிசியை அள்ளுவதற்கு முன்னால் ஈரத் துணி போட்டுத் துடைக்கிற மாதிரி. நான் ப்ளக்கைப் பிடுங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

“டிஸ்க் பழசு. போயிடுச்சு. நாம என்ன பண்ண முடியும்” என்றான் கிரி, லாரன்சின் முகத்தைப் பார்க்காமல்.

லாரன்ஸ் அவனை மெதுவாக நாற்காலியில் இருந்து எழுப்பினான். டிஸ்க்கைக் கழற்றித் தரும்படி எனக்குச் சைகை காட்டினான். ரோஸியின் லேப்டாப்பில் அவனுடைய ப்ரோகிராமின் மூல வரிகள் இருந்தன. அதைத் திறந்து, விரலால் வரி வரியாக இறங்கி வந்து, ஓர் இடத்தில் நின்றான். நான் அவன் தோளுக்கு மேலே படித்தேன்.

சுருக்கமாகச் சொல்கிறேன். திறக்காத பாட்டு ஏதாவது இருந்தால் அவனுடைய பிளேயர் அதைத் தனியாகக் குறித்து வைக்கும். அடுத்த முறை பிளேயர் எழும்போது, அந்தப் பாட்டுக்குக் கை எட்டுகிறதா என்று முதலில் சோதித்துப் பார்க்கும். படிப்பதற்காகத் திறந்து சோதித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. லாரன்ஸ் எழுதியிருந்தது, எழுதுவதற்காகத் திறந்து. அப்படித் திறந்தால், நாம் ஒரு எழுத்துக்கூட எழுத வேண்டாம், உள்ளே இருப்பது மொத்தமும் அந்த நொடியே காலி. அந்த வரிக்கு மேலே அவன் கையாலேயே ‘டெம்பரரி’ என்று குறிப்பு இருந்தது. சாப்பாட்டு வேளையில் என்றைக்கோ ஒரு கையால் அடித்தது. பழைய கம்ப்யூட்டரில் எந்தப் பாட்டும் திறக்காமல் போனதே இல்லை, அதனால் அந்த வரிக்கு வேலையே வரவில்லை.

புதுப் பெட்டிக்கு வந்த பிறகுதான் வேலை வந்தது. பிளேயர் எழுந்த ஒவ்வொரு முறையும் அவன் பாட்டுகளைத் துடைக்கக் கிளம்பியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த ‘அனுமதி இல்லை’தான் குறுக்கே நின்று கையைத் தட்டிவிட்டிருக்கிறது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து துரத்த நினைத்த எரர்தான் அவன் குரலைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. கிரி காவலை எடுத்தான், அடுத்த நொடி வீடு காலி.

கிரியும் எட்டிப் படித்தான். படித்ததும் அவன் முகத்தில் ஒன்று வந்தது பாருங்கள், அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். நிம்மதி.

“அப்போ உன் ப்ரோகிராம்தான் லாரன்ஸ்! நான் பயந்தே போயிட்டேன். நம்ம பண்ணது எதுவும் இல்ல.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. “நாக்குல நரம்பு இருக்காடா உனக்கு?” என்றேன். மேலதிகாரியாக இருந்த இத்தனை வருஷத்தில் அவனை டா போட்டதில்லை. “அவன் எழுதின வரி வருஷக்கணக்கா ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணல. ஏன் அனுமதி இல்லைன்னு சொல்லுதுன்னு ஒரு கேள்வி கேட்டியா? அவன் தட்டி முடிக்கற வரைக்கும் உனக்குப் பொறுக்கல. டிஸ்க் போயிடுச்சுன்னு ஒரு பொய். இப்ப பழி அவன் மேல.”

“எல்லாம் தெரிஞ்சவ, என் கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாமே?”

“வாயால சொன்னது காதுல விழலையே, கையா வந்து நிறுத்தணும்!”

லாரன்ஸ் மேசையில் ஓங்கித் தட்டினான். நாங்கள் அடங்கினோம். அவன் கழுத்துத் துணி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது, மூச்சு விசில் மாதிரி வந்தது. போனில் தட்டினான். இந்த முறை எல்லாரும் காத்திருந்தோம். ‘ஜெனிக்குத் தெரிய வேண்டாம். இப்படி ஒரு பாட்டு இருந்ததே அவளுக்குத் தெரியாது. இனிமேலும் தெரிய வேண்டாம்’ என்று காட்டினான். கிரியிடம் காட்டினான், அண்ணனிடமும் சுற்றி நின்ற உறவுக்காரர்களிடமும் காட்டினான், ரோஸியிடம் காட்டினான். கடைசியாக என்னிடம் காட்டி, என் கையைப் பிடித்து அழுத்தினான். நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளாமல் அங்கே எப்படி நிற்பது?

கொஞ்ச நேரத்தில் ஜெனி வந்தாள். ரெண்டு கையிலும் மருதாணி, எதையும் தொட முடியாமல் கைகளை விரித்துக்கொண்டு. “என்ன எல்லாரும் இப்படி நிக்கறீங்க? கரெண்ட் போயிடுச்சா?”

“ஒண்ணுமில்லமா, கம்ப்யூட்டர் ஸ்வல்ப ஸ்லோவா இருக்கு, பாத்துட்டு இருந்தோம்” என்றான் கிரி. எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்! ரோஸி சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டாள். அது ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே எதுவும் அரைபடுகிற சத்தம் இல்லை.

டிஸ்க்கை அன்றைக்கே என் பையனிடம் கொடுத்தேன். அவன் பெங்களூர் வரை போய்த் தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டு முயன்று பார்த்தான். அங்கங்கே துணுக்குகள் கிடைத்தன. எல்லாம் பாடகர் குழு சேர்ந்து பாடிய பழைய பாட்டுகளின் சிதறல், எது லாரன்ஸ் குரல் என்று பிரிக்க முடியாது. ஜெனியின் பாட்டில் ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை ஜெபத்துக்கு நானும் போயிருந்தேன். ஜெனி வெள்ளைப் புடவையில் முழங்காலிட்டிருந்தாள். ரோஸி நெற்றியில் சிலுவை போட்டாள். லாரன்ஸ் போட்டான். போட்டுவிட்டு, கையை அவள் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பாட்டு வர வேண்டிய இடம் அது. அந்த வீட்டு ஜனத்துக்கெல்லாம் தெரியும், யாரும் மூச்சு விடவில்லை. லாரன்சின் மூச்சு மட்டும் அந்தத் துவாரத்தின் வழியாக விட்டு விட்டுக் கேட்டது. அவன் உதடு அசைந்தது. சத்தமில்லாமல் அவன் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான் என்று எனக்கும் ரோஸிக்கும் புரிந்தது. அவனை முடிக்க விட்டிருக்கலாம். அவ்வளவுதானே, ஒரு பாட்டு நேரம்!

கிரிக்கு அமைதி ஆகாது. பேசாமல் போனைப் பெரிய ஸ்பீக்கரோடு இணைத்து, யாரோ ஒரு பிரபல பாடகர் பாடிய கல்யாண ஆசீர்வாதப் பாட்டைப் போட்டுவிட்டான். ஆர்கன், வயலின், பின்னால் நாற்பது பேர் கோரஸ். வீடே நிறைந்தது. லாரன்சின் உதடு நின்றது. கையை எடுத்துக்கொண்டான். அண்ணன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்ல வேளை, கிரி சார் இருந்தார். இல்லேன்னா நேரம் எப்படிப் போயிருக்குமோ” என்றார். மத்தியானம் பிரியாணிப் பந்தியிலும் இதே பேச்சு. கிரிக்கு அங்கேயும் பிரமோஷன் கிடைத்துவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் பெண் மாப்பிள்ளை புறப்பட வேண்டும். பாலாறு வழியாக மேட்டூர், காட்டுப் பாதை, இருட்டுவதற்கு முன்னால் தாண்டிவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினார்கள். லாரன்ஸ் காருக்குப் பின்னால் நின்று சூட்கேஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தான். ஜெனி கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டாள். என் கையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஆன்ட்டி, ஒண்ணு சொல்லவா? அப்பாகிட்ட சொல்லிடாதீங்க.”

“சொல்லும்மா.”

“ஆப்பரேஷன் தேதி முன்னாடியே தெரியும் இல்லையா? ஊர்ல எல்லார் பொண்ணுக்கும் பாடினார். எனக்குன்னு ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு, பாடி வெச்சிருக்கலாம் இல்ல? இன்னைக்குக் காலைல அந்த யாரோ பாடின பாட்டைக் கேக்கும்போது இதுதான் தோணிச்சு. அப்பாவுக்கு என்னைப் பத்தி நெனப்பே வரல பாருங்க.”

டிக்கி மூடுகிற சத்தம் கேட்டது. லாரன்ஸ் பின்னால் இருந்து சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான்.

“அந்த வலியில தோணியிருக்காதும்மா” என்றேன்.

“ஆமா, இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஜெனி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கார் புறப்பட்டது.

அவளிடம் சொல்லிவிடு என்று லாரன்சிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இல்லாத பாட்டுக்காக அவள் அழுவதைவிடத் தன் மேல் கோபமாகவே இருக்கட்டும் என்கிறான். எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதிவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் படித்ததெல்லாம் கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் பேச வரும், படிக்க வராது.